சேலத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? முதலில் பெயரைப் பாருங்கள்

இங்கே படிக்க வரத் தயாராகும் சேலத்துப் பிள்ளைகள் எடுத்ததுமே விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விசாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று ராத்திரியே பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், கல்லூரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். ஆங்கிலத்தில் ஒன்றில் கூடுதலாக ஒரு 'எச்' இருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஊரில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டு அலுவலகத்தில் அது இரண்டு ஆட்களின் பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பள்ளி வழியாகத் தேர்வுத் துறை வரைக்கும் போக வேண்டும். ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்து ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் சிலருக்குப் பெயரே இருக்காது, அப்பா அம்மா பெயர் மட்டும்தான் இருக்கும். அதில் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவும் இருக்கும். வீடு ஏற்காட்டில் இருந்தாலும் பிரசவம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால், மலையில் தேடிப் பயனில்லை. சேலம் மாநகராட்சிக் கணக்கில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்காதீர்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பெயரை 'கிவன் நேம்' கட்டத்திலும், அப்பா பெயரை 'சர்நேம்' கட்டத்திலும் போடுங்கள். சர்நேமைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் விடாதீர்கள் என்பது என் கருத்து. அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா அடித்தால், உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும், அதாவது பெயர் தெரியாதவர்! மேல்படிப்புக்கு ஒரு நாடு, வேலைக்கு ஒரு நாடு என்று போகிற காலத்தில் இந்தத் தொல்லை வேண்டாம். இனிஷியலும் விரித்த பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்காவது கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டுக்குச் சேலத்திலேயே அஞ்சலகச் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணை அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு மாநகரப் போலீஸ் வழியாகவும், ஏற்காட்டுக்காரர்களுக்கு மாவட்டப் போலீஸ் வழியாகவும் வரும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எஸ்டேட் பெயரோடு சேர்த்து முகவரியை எழுதுங்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அந்த வாரம் மட்டுமாவது எடுங்கள்.

கல்லூரிக் காகிதங்களில் பட்டச் சான்றிதழ்தான் தாமதமாகும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்களுக்குக் கருப்பூரிலேயே வேலை முடியும். அண்ணா பல்கலைக்கழகம் என்றால் சென்னை கிண்டி. பட்டம் வரும்வரை தற்காலிகச் சான்றிதழும் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் கையில் இருக்கட்டும். ஏபிஎஸ் சான்றிதழுக்கு அவையெல்லாம் தேவை. இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அது. மாணவர் விசாவுக்கு 2022 நவம்பரிலிருந்து, சில உதவித்தொகை மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் அட்மிஷன் விண்ணப்பத்தோடே கேட்பதால், இடம் கிடைத்தபின் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பிளாக்டு அக்கவுன்ட் என்பது, போட்ட பணத்தை மாதாமாதம் ஒரு அளவுக்குத்தான் எடுக்க முடிகிற கணக்கு. விசாவுக்கு அதில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இங்கே வந்ததும் மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். பணம் அனுப்பும் அப்பாவின் பேன் கார்டில் உள்ள பெயரும் உங்கள் சர்நேமும் ஒன்றா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

விசா நேர்காணலுக்குப் பெங்களூரு பக்கம் என்று நினைப்பீர்கள். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்குச் சென்னைதான். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் அதிகாலையில் சென்ட்ரலில் இறங்கலாம். (பெயர்தான் ஏற்காடு, ரயில் மலை ஏறாது.) போட்டோ 35×45 மில்லிமீட்டர்.

பெட்டி கட்டும்போது அசல் காகிதங்கள் எல்லாம் கைப்பையில். ஸ்கேன் செய்த பிரதி ஒன்று மெயிலில், ஒன்று வீட்டில். அம்மா கொடுக்கும் நெய்க்கும் பால்கோவாவுக்கும் ஐரோப்பிய எல்லையில் அனுமதி இல்லை. சேலம் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று வேண்டும், அதனால் அதை ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஏற்காட்டுக் காப்பித்தூளைத் தாராளமாகக் கொண்டு வரலாம்.

வந்து வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சீட்டு இல்லாமல் அது நடக்காது, வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்த சில வாரங்களில் வரி எண் தபாலில் வரும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாமும் தபால்தான். இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் தனித்தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் உங்கள் சர்நேமை, அதாவது அப்பா பெயரை, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே அன்றைக்கே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். பேராசிரியரும் வங்கிக்காரரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் திரும்பிப் பார்க்கத் தோன்றாது, அப்புறம் பழகிவிடும்.

நுழைவு விசா சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்கு முன்பே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெரிய நகரங்களில் அதற்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் முகவரி பதிந்த அன்றே இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள்.