ஏரி நிரம்ப வரத்துக்காலில் தொடங்குங்கள்

ஏரி நிரம்பவில்லை என்றதும் ஊர் கூடி முதலில் பேசுவது தூர்வாருவதைத்தான். பொக்லைனை இறக்கி நடு ஏரியில் ஆழத் தோண்டுவார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழி மட்டும் நிறையும். மழை பெய்தும் ஏரி காய்ந்து கிடந்தால், பெரும்பாலும் பழுது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்காலில்தான்.

சித்திரை, வைகாசியில் கால்வாய் காய்ந்திருக்கும்போது ஏரி முகப்பிலிருந்து மேல்நோக்கி நடங்கள். அப்போதுதான் வந்து சேரும் கிளை ஒவ்வொன்றும் கண்ணில் படும். கையில் அளவு நாடா, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம், சர்வே எண்வாரியாக நில விவரம் தரும் 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும். படமும் பதிவேடும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் கிடைக்கும். 50 மீட்டருக்கு ஒருமுறை அகலம், ஆழம், அடைப்பு ஆகியவற்றைக் குறியுங்கள். நீர்பாய்ச்சிய பெரியவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். படத்தில் இல்லாத மடைகள் அவருக்குத் தெரியும்.

அடுத்தது கிராமசபைத் தீர்மானம். ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும். குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். தீர்மானத்தில் சர்வே எண், நீளம், செய்யவேண்டிய வேலை மூன்றும் இருக்கட்டும். 'ஏரியைச் சீரமைக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. ஆக்கிரமிப்பை நீங்களே அகற்றப் போகாதீர்கள், அடிதடியில் முடியும். நில அளவையரை வைத்து அளந்து கல் நடச் செய்யுங்கள். நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பது அதிகாரியின் வேலை.

வெட்டத் தொடங்குமுன் மட்டம் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் 25 மீட்டர், சென்டிமீட்டர் குறித்த இரண்டு மீட்டர் கோல்கள் இரண்டு போதும். டியூபில் காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் அளவு பொய்யாகும். நீரை நிரப்பியதும் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். அளக்கும்போது இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். ஏரியின் நுழைவு மட்டத்திலிருந்து தொடங்கி 20 மீட்டருக்கு ஒருமுறை அளந்து முளை அடியுங்கள். மண் கால்வாய்க்கு 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு நல்லது. அதாவது 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். எந்திரக்காரர் கண்மதிப்பில் வெட்டினால் அடிமட்டம் ஏரி வாயைவிடத் தாழ்ந்துபோய், தண்ணீர் கால்வாயிலேயே தேங்கும்.

500 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் வண்டல் என்றால் 225 கனமீட்டர் மண். இளகிய மண்ணில் ஒருவர் நாளுக்கு 2 கனமீட்டர் வெட்டுவார் என்று வைத்தால் 112 ஆள் வேலைக்கு மேல் ஆகும். ஆவணிக்குள் முடியும்படி ஆள் திட்டமிடுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டினால் முதல் மழையில் திரும்ப விழும். ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். வயல்காட்டு நீர் உள்ளே வர இடையிடையே வழி விடுங்கள். பக்கச்சுவரைச் செங்குத்தாக வெட்டாமல், களிமண்ணில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு அடி ஆழத்துக்கு ஒரு அடி வெளியே, என்று சரியுங்கள். மணல்கலந்த மண் என்றால் இன்னும் படுக்கையாக.

சாலைக்கு அடியில் போகும் குழாய்களைத் தனியாகப் பாருங்கள். அடிமட்டத்தைவிட உயரமாகப் பதித்த ஒரே ஒரு குழாய் போதும், மேலே செய்த வேலையெல்லாம் வீண். அதைத் தாழ்த்திப் பதிக்கச் சாலை யாருடையதோ அந்தத் துறைக்கு மனுக் கொடுங்கள்.

சீமைக்கருவேலத்தை மட்டமாக வெட்டினால் மறுபடி தழைக்கும். தரைக்குக் கீழே ஒரு அடி வரை தோண்டித் தூரையே எடுக்க வேண்டும். கரையில் எடுத்தால் குழியைக் களிமண்ணால் அரையடி அரையடியாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் ஏரி நிறையும்போது அங்கேதான் கசியும். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை ஈரத்திலேயே கையால் பிடுங்கலாம். இரண்டு மூன்று ஆண்டு விடாமல் செய்ய வேண்டும்.

முதல் பெருமழையன்று பகுதிக்கு இருவர் மண்வெட்டியோடு நிற்கட்டும். குப்பை அடைப்பும், யாராவது தன் வயலுக்குத் திருப்பிய மடையும் அன்றுதான் தெரியும். ஏரி நிரம்பியபின், மிகுதி நீர் வழியும் கலங்கலில் மணல்மூட்டை அடுக்கி உயர்த்த ஒருவரையும் விடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகத் தேக்கும் ஆசையில் கரை உடையும். கலங்கல் வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து.