ஆட்டுக்குடலை வைத்து பெரிட்டோனியம் படிப்பது எப்படி?

வயிற்றின் உட்சுவரையும் உள்ளே இருக்கும் உறுப்புகளையும் மூடும் மெல்லிய சவ்வுதான் பெரிட்டோனியம். இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மருத்துவமோ நர்சிங்கோ படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடை.

முதலில் கடையிலேயே பாருங்கள். தொங்கும் ஆட்டின் வயிற்றுச் சுவர் உட்புறம் வழவழவென்று மின்னும். அந்த மெல்லிய சவ்வுதான் பெரிட்டோனியத்தின் வெளி அடுக்கு. அப்புறம் முதுகுப் பக்கம் பாருங்கள். குடலையும் இரைப்பையையும் எடுத்த பிறகும் சிறுநீரகம் கொழுப்பில் புதைந்து அங்கேயே இருக்கும். சவ்வுக்குப் பின்னால் இருப்பதால் குடலோடு சேர்ந்து வெளியே வராது. பாடத்தில் ரெட்ரோபெரிட்டோனியல் என்று வருவது இதுதான். நம் சிறுநீரகமும் அப்படித்தான்.

அடுத்து குடல். “அண்ணே, உருவாம சவ்வோட அப்படியே குடுங்க” என்று கேளுங்கள். கேட்காவிட்டால் குடலை மட்டும் உருவித் தந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அந்தச் சவ்வு.

வீட்டில் கையுறை போட்டு, அகலமான தட்டில் தண்ணீர் விட்டுக் குடலை விரியுங்கள். குடலைத் தாங்கும் விசிறி போன்ற சவ்வு மெசென்டரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ரத்தக்குழாய்களும் கொழுப்பும் நிணநீர் முடிச்சுகளும் தெரியும். மெசென்டரி என்பது பெரிட்டோனியம் இரண்டாக மடிந்ததுதான்; இவை எல்லாம் அந்த மடிப்பின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஓடுகின்றன. இப்போது ஒரு பக்கத்தை விரலால் தடவியபடி குடல் வரை போங்கள். விளிம்பே தட்டுப்படாது. சவ்வு அப்படியே குடலைச் சுற்றி, மறுபக்கமாகத் திரும்பி வந்துவிடும். குடலின் மினுமினுப்பான மேற்பரப்பும் அதே பெரிட்டோனியம்தான்; உறுப்புகளை மூடும் இதுதான் உள் அடுக்கு. இதற்காகவே இரண்டு மூன்று முறை தடவிப் பாருங்கள். மனிதரில் மெசென்டரியின் வேர், அதாவது அது முதுகுப் பக்கச் சுவரில் ஒட்டும் இடம், சுமார் 15 செ.மீ.தான், அதில் தொங்கும் சிறுகுடலோ ஏறக்குறைய 6 மீட்டர். இது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும்.

இரைப்பையோடு ஒட்டி வலைபோல் வரும் கொழுப்புச் சவ்வு ஒமென்டம். ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறை, அதனால் இது ஒட்டும் இடங்களை மனிதருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். நமக்கு இரைப்பையின் பெரிய வளைவிலிருந்து கீழே தொங்கி, மடிந்து மேலேறிக் குறுக்குப் பெருங்குடலில் சேரும்.

சரி, வெளி அடுக்கு, உள் அடுக்கு என்று பிரிப்பதால் என்ன பயன்? இரண்டுக்கும் நரம்பு வேறு, அதனால் வலியும் வேறு. குடல்வால் வீங்கினால் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். அழற்சி வெளி அடுக்கைத் தொட்டதும் வலி வலது அடிவயிற்றுக்கு வந்து, ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தும்.