ஸ்மார்ட் மீட்டரைப் படிக்கும் முறை: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு

பழைய மீட்டரைக் கழற்றும்போது வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கழற்றுமுன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் மீட்டர் எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். புதியதை மாட்டியதும் அதன் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் எடுங்கள். அடுத்த பில்லில் குழப்பம் வந்தால் கையில் இருக்கும் ஒரே சான்று இந்த இரண்டு படங்கள்தான்.

பித்தானை அழுத்த அழுத்த மீட்டர் ஒவ்வொரு எண்ணாகக் காட்டும். வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கே.டபிள்யூ.எச். என்று வருவது இதுவரை ஓடிய மொத்த யூனிட். வி என்பது வோல்ட்டேஜ், ஏ ஆம்பியர், எம்.டி. உச்ச லோடு. உள்ளே அரைமணிக்கொரு தடவையோ கால்மணிக்கொரு தடவையோ கணக்கு பதிவாகும். சிக்னல் இல்லாத நாளிலும் பதிவு நிற்காது, சிக்னல் வந்ததும் தானாகவே மின் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

கடலூரில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மாதாமாதம். கடலூர்க்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய எண் 500. செப்டம்பர் 2022 கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் அதிகம். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 ரூபாய் என்ற விலை போய் 4.50 ஆகிவிடுவதுதான் காரணம். ரூபாய்க் கணக்கு பிறகு மாறினாலும் அந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. அறுபது நாளுக்கு 500 என்றால் வாரத்துக்கு 58 யூனிட். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் ரீடிங் எடுத்துக் காலண்டரில் எழுதுங்கள். ஐந்தாவது வாரத்தில் 320 வந்துவிட்டால், மீதி நாட்களில் ஏ.சி.யைக் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ரீடிங் பாருங்கள். ஃபேன், ஏ.சி. ஓடாத ஓர் இரவில் செய்தால் வீட்டின் அடிமட்ட லோடு தெரியும். எட்டு மணி நேரத்தில் 0.8 யூனிட் ஓடினால் சராசரி 100 வாட். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இரண்டு மாதத்துக்கு அதுவே 144 யூனிட். பிரிட்ஜ் போக மீதியைத் தேடுங்கள். பழசான இன்வெர்ட்டர் பேட்டரி குற்றவாளியாக இருக்கலாம்: செல் கெட்ட பிறகு சார்ஜ் நிறையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மீட்டர் ஓட்டம் சரியா என்று நீங்களே பார்க்கலாம். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், 3200 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1500 வாட் கெட்டிலை மட்டும் போடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், அது இடையிடையே தானே அணைந்துவிடும். சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னியதும் கடிகாரத்தைத் தொடங்கி, அதன்பின் பத்து மின்னலுக்கு ஆகும் விநாடியை எண்ணுங்கள். 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். ஏழரை விநாடி என்றால் சரியாக 1500. பத்து விநாடி ஆனால் உடனே மீட்டரைக் குறை சொல்லாமல் வோல்ட்டேஜைப் பாருங்கள்: 230 வோல்ட்டுக்கு எழுதிய 1500 வாட், 200 வோல்ட்டில் சுமார் 1130 வாட்டாகச் சுருங்கிவிடும்.

எர்த் அல்லது இ.எல். என்ற விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டவே வேண்டாம். மீட்டர் ஃபேஸ் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். மோட்டாரோ ஹீட்டரோ கசிந்தால் அந்தக் கசிவுக்கும் யூனிட் ஓடும், தொட்டால் ஷாக்கும் அடிக்கும். இன்னொரு காரணம், கீழ் வீடும் மாடியும் தனித்தனி மீட்டர் வைத்துக்கொண்டு நியூட்ரலை மட்டும் எங்கோ சேர்த்திருப்பது. மாடியில் 5 ஆம்பியர் ஓடும்போது அதில் 3 ஆம்பியர் கீழ் வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பினால், 1 ஆம்பியர் மட்டும் செலவழிக்கும் கீழ் வீட்டு மீட்டர் 4 என்று எண்ணும். மெயினை இறக்காமல், ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்குங்கள். விளக்கு அணைந்துவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் மறுபடி எரிகிறதோ அந்த லைனில் கசிவைத் தேட வேண்டும். எல்லாம் இறங்கியும் எரிந்தால் பெரும்பாலும் பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்கள் வழியாக வருகிறது. வயர்மேனை அழைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், கலந்த நியூட்ரலால் அடிக்கடி விழும். அதற்காக அதையே கழற்றி எறிவது உயிரோடு விளையாடுவது.

புயலுக்குப் பிறகு இந்த மீட்டர் இன்னொரு வகையில் உதவும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்த ஊர்கள் இவை. கம்பி அறுந்து திரும்பக் கட்டும்போது நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் வரும். மீட்டர் மெயினுக்கு முன்னால் இருப்பதால், மெயினை இறக்கி வைத்தே வோல்ட்டேஜைப் படிக்கலாம். 200-க்கும் 250-க்கும் இடையில் நின்றால் மட்டும் மெயினைப் போடுங்கள். வெள்ளம் மீட்டர் வரை ஏறியிருந்தால் கிட்டப் போகாமல் கம்பத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றால் டெர்மினல் பச்சை பூத்துச் சூடாகும். கருகல் வாசனை வந்தாலோ மூடி நிறம் மாறினாலோ சீலைத் தொடாமல் தமிழ்நாட்டுப் பக்கத்தவர் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

உச்ச லோடு பெரும்பாலும் அரைமணிச் சராசரி, அதனால் மோட்டார் கிளம்பும் நொடியின் இழுப்பு அதில் பெரிதாகத் தெரியாது. 2 கிலோவாட் ஹீட்டர் கால்மணி ஓடினால் ஒரு கிலோவாட்டாகத்தான் பதியும். ஹீட்டரை அணைத்து அரைமணி கழித்து மோட்டாரைப் போட்டாலே எண் இறங்கும். ஜூன் 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டரில் பதிந்த உச்ச லோடைக் காட்டி, அதை மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போட முடியாது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.