கேம்ப்டிராஃப்டிங்: புதியவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கேம்ப்டிராஃப்டிங் ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளில் பிறந்த குதிரை விளையாட்டு. முதல் போட்டி 1885-ல் நியூ சவுத் வேல்ஸின் டென்டர்ஃபீல்டில் நடந்ததாகச் சொல்வார்கள். பட்டிக்குள் நிற்கும் சிறு மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, கேட்டுக்கு வெளியே ஓட்டி, இரண்டு கம்பங்களை எட்டுப் போட்டதுபோல் சுற்றவைத்து, கடைசியில் வேறு இரு கம்பங்களுக்கு நடுவே விரட்ட வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண். மாட்டைப் பிரிப்பதற்கு 26, வெளியே குதிரை செய்யும் வேலைக்கு 70, பாதையை முடிப்பதற்கு வெறும் 4. சீக்கிரம் முடித்ததற்காக யாரும் ஒரு மதிப்பெண்கூடத் தருவதில்லை. இது புரியாமல்தான் பலர் தோற்கிறார்கள்.

முதல் சறுக்கல் மாட்டைத் தேர்ந்தெடுப்பதில். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்ட மாட்டின் பின்னால் போய்விடுகிறார்கள். தலையைத் தூக்கி வேலியைத் தாண்டப் பார்க்கும் மாடு வெளியே போனதும் பிய்த்துக்கொண்டு ஓடும், வளையாது. மந்தமாக நிற்பதோ குதிரைக்கு வேலையே தராது. குதிரையைக் கவனித்து, அது நகர்ந்தால் தானும் நகரும் மாடுதான் வேண்டும். அதற்கு மந்தைக்குள் நடந்து போக வேண்டும், பாயக் கூடாது.

பிரித்த மாட்டைப் பட்டியின் முன்பக்கம் கொண்டுவந்து, இரண்டு மூன்று முறையாவது மறித்துத் திருப்பிக் காட்டாமல், கேட்டைத் திறக்கச் சொல்லி "கேட்!" என்று கத்துவது அடுத்த தவறு. 26-ல் பாதி அங்கேயே போய்விடும். அளவுக்கு மீறித் திருப்பினாலும் வம்புதான். சலித்த மாடு முட்ட வரும், அல்லது மந்தைக்குள் திரும்பப் புகுந்துவிடும்.

வெளியே வந்ததும் மாட்டின் வாலுக்குப் பின்னாலேயே ஓடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பின்னால் இருக்கும் குதிரை மாட்டை நேராகத்தான் ஓடவைக்கும். வளைக்க வேண்டுமானால் வெளிப்பக்கமாக ஏறி வந்து, அதன் தோளருகே குதிரையை நிறுத்த வேண்டும். எட்டு மீட்டர் பின்னால் இருந்துகொண்டு கம்பம் வந்தபிறகு கடிவாளத்தை இழுத்துப் பயனில்லை. கம்பத்தைச் சுற்ற வேண்டியது மாடு. குதிரை மட்டும் சுற்றினால் கணக்கில் வராது.

மாட்டை இடித்துத் தள்ளினால் மதிப்பெண் போகும். முரட்டுத்தனம் மிஞ்சினால் நடுவர் சாட்டையைச் சொடுக்குவார். சொடுக்கு கேட்டால் ஆட்டம் முடிந்தது. உடனே குதிரையை இழுத்து நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் மாட்டைத் துரத்தாதீர்கள்.