சேறு, வெள்ளைச் சீருடை, மருந்தடித்த சட்டை: ஒரு வன்னி வீட்டின் உடுப்புத் தோய்க்கும் முறை

எங்கள் வீட்டில் ஆறு பேர். கணவர் வயல் செய்கிறார், நான் வேலைக்குப் போகிறேன், மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாமி வீட்டோடு இருக்கிறார். கிளிநொச்சியில் பிரதான வீதியை விட்டுக் கிறவல் வீதியில் உள்ளே வரவேண்டிய வீடு. பல வருடங்களாக எனது ஞாயிற்றுக்கிழமைகள் கிணற்றடியிலேயே கழிந்தன. இப்போது அப்படியில்லை. அண்மையில் தனிக்குடித்தனம் போன என் தங்கை, "அக்கா, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். வெள்ளை வேறு, நிறம் வேறு என்று பிரிக்கத்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் மண்ணுக்கு அது போதாது. என்ன ஊத்தை என்று பார்த்துத்தான் முதலில் பிரிக்கவேண்டும்.

படி 1: கழற்றும்போதே பிரியுங்கள்

நான்கு இடங்கள் வேண்டும். வெள்ளைச் சீருடைக்கு ஒரு கூடை, வீட்டில் உடுத்தும் நிற உடுப்புகளுக்கு ஒரு கூடை, வயல் உடுப்புக்குக் கிணற்றடியில் ஒரு பழைய வாளி. நான்காவது, பயிருக்குப் பூச்சிமருந்தடித்த உடுப்புக்கு மட்டும், மூடியுள்ள ஒரு வாளி. அது வீட்டுக்குள் வரவே கூடாது. கூடைகளை நிலத்தில் வைக்காமல் ஒரு வாங்கின் மேல் வையுங்கள். நிலத்தில் குவிந்து கிடக்கும் உடுப்புக்குள் தேள் புகுந்துவிடும்.

சட்டைப் பைகளைக் கழற்றுகிறவரே பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது முடியும். பேனை ஒன்று ஒரு வாளி வெள்ளை உடுப்பையும் கெடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் நிலைத்தது.

படி 2: சேற்றை நனைக்காதீர்கள்

புதிதாகத் தோய்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இதுதான். சேறு பட்ட காற்சட்டையை உடனே தண்ணீரில் போடுகிறார்கள். களிமண் கரைந்து நூலிழைக்குள் இறங்கிவிடுகிறது. சேற்றை முதலில் காயவிடுங்கள். காய்ந்ததும் உதறுங்கள், பழைய பல்துலக்கி ஒன்றால் தட்டிவிடுங்கள். பெரும்பகுதி மண்ணாகவே உதிர்ந்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை அலம்பி, அதன் பின்னரே சவர்க்காரத் தூள் போடுங்கள்.

கிறவல் புழுதியின் சிவப்பு, மண்ணிலுள்ள இரும்பால் வருவது. குளோரீன் கலந்த வெளிற்றும் திரவம் அதை எடுக்காது. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளைத் துணி அந்தத் திரவத்தால் இன்னும் மஞ்சளாகும். துணியில் கறள் பிடித்திருந்தால் எலுமிச்சம் புளியும் உப்பும் தடவி வெயிலில் சிறிது நேரம் வைத்து நன்றாக அலம்புங்கள். வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், நிறத்துணி வெளிறிவிடும். புளியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் கலக்கவேண்டாம். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சைப் பாதிக்கும்.

இரத்தம், பால், முட்டைக் கறைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். சுடுதண்ணீர் அவற்றை இறுக்கிவிடும். உழவு இயந்திரத்தின் கிறீஸ் என்றால், நனைக்குமுன் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவிக் கால் மணித்தியாலம் விடுங்கள். வாழைக் கயர் காய்ந்து கறுத்துவிட்டால் போகாது. தோட்டத்துக்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கிவிடுவதே நல்லது.

படி 3: உங்கள் தண்ணீரை அறியுங்கள்

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் தண்ணீரில் பாலாடைபோல் மிதக்கிறதா? அப்படியென்றால் உங்கள் கிணறு வன்னீர். அதிலுள்ள கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்து துணியில் ஒட்டுவதால்தான் வெள்ளைச் சட்டை மாதக் கணக்கில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிறது. சவர்க்காரத் தூள் இந்தத் தண்ணீரில் இன்னும் நன்றாக வேலை செய்யும். கட்டியைக் கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் கூரையிலிருந்து பிடிக்கும் மழைத்தண்ணீர் மென்னீர். வெள்ளை உடுப்பின் கடைசி அலம்பலுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்ததை மாமி இன்றும் சொல்வார். அந்த வாசனைக்கு மாடு வந்து கொடியில் கிடந்த சாறத்தைச் சப்பிவிடுமாம். ஒரு கட்டிச் சவர்க்காரத்தை அவர் கடைசித் துண்டுவரை பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காலம் விளங்கும்.

படி 4: சீருடையை அன்றன்றே முடியுங்கள்

பிள்ளைக்கு இரண்டு சோடி சீருடை இருந்தால் போதும், ஆனால் ஒன்றை அன்று மாலையே தோய்த்துவிடவேண்டும். வியர்வை ஒருநாள் கிடந்தால் கழுத்துப்பட்டி மஞ்சளாகிவிடும். பள்ளிக்கூடத்தால் வந்து கழற்றியதும் கழுத்துப்பட்டியை நனைத்துச் சவர்க்காரம் பூசி வையுங்கள். தேநீர் குடித்து முடித்ததும் தோயுங்கள். மூன்று பிள்ளைகளின் சட்டைக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. பெரியவனும் நடுவிலானும் தங்கள் சட்டையைத் தாங்களே தோய்க்கிறார்கள். பெண்பிள்ளைக்கு மட்டும் பழக்கும் வேலையாக இதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நீலம் போடுவதென்றால் தூளை நேராக வாளியில் கொட்டாதீர்கள், திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு துணியில் முடிந்து தண்ணீரில் கலக்கிய பிறகு சட்டையை அமிழ்த்தி உடனே எடுங்கள்.

படி 5: மருந்தடித்த உடுப்பு

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். நெல்லுக்கோ மிளகாய்க்கோ மருந்தடித்த சட்டையைப் பிள்ளையின் பெனியனோடு ஒரே வாளியில் ஊறவைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நஞ்சு ஒரு துணியிலிருந்து மற்றத் துணிக்குப் போகும்.

மருந்தடித்தவர் அந்த உடுப்போடு வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே கழற்றவேண்டும். அன்றே தோய்க்கவேண்டும். இறப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு, கிணற்றிலிருந்து தள்ளி, ஓடும் தண்ணீர் கிணற்றுக்கோ குளத்துக்கோ போகாத இடத்தில் தோயுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் அலம்புங்கள், பிறகு சுடுதண்ணீரும் நிறையத் தூளும் போட்டுத் தோயுங்கள். முடிந்தால் இன்னொரு முறையும் தோய்த்து, வெயிலில் தனியாகக் காயப்போடுங்கள். அந்த வாளியை வேறெதற்கும் எடுக்கவேண்டாம். தண்ணீர் கலக்காத மருந்து சட்டையில் ஊற்றுப்பட்டிருந்தால் அந்தச் சட்டையைத் தோய்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். ஒரு சட்டையின் விலையைப் பார்க்கும் இடமில்லை இது.

இயந்திரத்தில் தோய்க்கிறவர்கள் இந்த உடுப்பை அதில் போடாமலிருப்பது நல்லது. போட்டே ஆகவேண்டுமென்றால், பின்னர் ஒருமுறை தூளோடு வெறுமனே ஓடவிடுங்கள்.

படி 6: காயப்போடுதல்

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வீதிப் பக்கம் கொடி கட்டாதீர்கள். ஒரு டிப்பர் போனால் தோய்த்த வேலை வீண். வீட்டின் மறைப்பில், வளவின் உள்பக்கம் கட்டுங்கள். முட்கம்பி வேலியில் போடவே வேண்டாம், கறளும் பிடிக்கும், கிழிந்தும் போகும். நைலோன் கயிறு போதும். நிற உடுப்பை உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் போடுங்கள். வெள்ளைக்கும் துவாய்க்கும் படுக்கை விரிப்புக்கும் நல்ல வெயில்.

கார்த்திகை, மார்கழி மழையில் கதை வேறு. படுக்கை விரிப்புகளை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அன்றாடம் கொஞ்சமாகத் தோயுங்கள், விறாந்தையில் இரண்டு கொடி கட்டி, உடுப்புக்கு உடுப்பு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். துவாயில் சுற்றி ஒருமுறை முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைத்தால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அது பிறகு இலேசில் போகாது. காலையில் சீருடையில் ஈரம் மிச்சமிருந்தால் மினுக்கும்போது காயும்.

படி 7: எடுத்து மடித்தல்

தை, மாசியில் பின்னேரமே பனி இறங்கத் தொடங்கிவிடும். காய்ந்த உடுப்பு மறுபடி ஈரமாகாமல் ஐந்தரைக்குள் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது கடைக்குட்டியின் வேலை. கிளிப்புகளை எண்ணி டின்னுக்குள் போட்டுவிட்டு, யாருடையது எது என்று பிரித்து ஆளுக்கொரு குவியலாக மாமியின் கட்டிலில் வைப்பான். மடிப்பது அவரவர் பொறுப்பு, அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.