மதுரையிலிருந்து லண்டன் செல்லும் குடும்பத்துக்கு: பேட்டர்சி புகைபோக்கியில் ஏறிப் பார்ப்பது எப்படி?

மகனோ மகளோ லண்டனில் வேலை பார்க்க, பேரப்பிள்ளைகளோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாம் என்று மதுரையிலிருந்து புறப்படும் பெற்றோர் இன்று ஏராளம். நகரத்தை உயரத்திலிருந்து காட்ட வேண்டும் என்றதும் பிள்ளைகள் அவர்களைப் பெரும்பாலும் லண்டன் ஐ ராட்டினத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். அதில் தவறில்லை என்றாலும், தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் பேட்டர்சி மின் நிலையமே நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் என்பது என் உறுதியான கருத்து. நிலக்கரியை எரித்து அரை நூற்றாண்டு காலம் லண்டனுக்கு மின்சாரம் கொடுத்த அந்தக் கட்டடத்தின் நான்கு புகைபோக்கிகளில் வடமேற்கு மூலையில் நிற்பதன் உள்ளே, 2022 நவம்பர் முதல் வட்டமான கண்ணாடி லிஃப்ட் ஒன்று இயங்குகிறது. அது புகைபோக்கியின் வாயைத் தாண்டி மேலே வந்து, 109 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் என்பதால், அதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான உயரம் என்று வீட்டிலேயே சொல்லிவைத்தால் பெரியவர்களுக்கு அளவு பிடிபட்டுவிடும்.

உச்சியில் நிற்கக் கிடைப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே. அதை மட்டும் நம்பிப் போகிறவர்கள் 'இவ்வளவுதானா' என்று கேட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஆகவே முதலில் கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பது, பிறகு உள்ளே நடப்பது, கடைசியில் மேலே ஏறுவது என்ற வரிசையில் அரை நாளை ஒதுக்குங்கள். கீழே எதைப் பார்த்தோம் என்பது தெரிந்திருந்தால்தான் மேலேயிருந்து பார்ப்பது விளங்கும்.

கதையை ஊரிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர்களும், ஹார்விபட்டியிலோ பொன்னகரத்திலோ மில் சங்குக்கு எழுந்து வளர்ந்தவர்களும் உங்கள் வீட்டில் இருந்தால் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. ஒரு ஆலை ஊரையே எப்படி நடத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். பேட்டர்சியின் மேற்குப் பாதி 1930களில் இரண்டு புகைபோக்கிகளோடு எழுந்தது. கிழக்குப் பாதி போருக்குப் பின் 1950களில் முழுமையடைந்து, புகைபோக்கிகள் நான்காயின. வெளித்தோற்றத்தை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வடிவமைத்தவர் என்று சொன்னால் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள். முதல் பாதி 1975இலும் மற்றது 1983இலும் நிறுத்தப்பட, பல முதலாளிகள் கைமாறியும் எதுவும் நடக்காமல், கூரையில்லாத கூடாகவே கட்டடம் பல்லாண்டுகள் நின்றது. 2012இல் மலேசிய நிறுவனங்கள் சேர்ந்து அதை வாங்கின. துருவேறிப் பலமிழந்திருந்த புகைபோக்கிகளைப் பிரித்தெடுத்து, பழைய அளவிலேயே மறுபடி கட்டியெழுப்பினார்கள். 2022 அக்டோபரில் கட்டடம் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாகத் திறக்கப்பட்டது. இடித்துத் தள்ளுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்த ஓர் ஆலையைக் காப்பாற்றி மக்கள் நடமாடும் இடமாக்கியிருக்கிறார்கள் என்பது, நம் ஊர் ஆலைகளை நினைத்துப் பார்க்கிற எவருக்கும் மனதில் படாமல் போகாது.

லிஃப்டுக்கான சீட்டில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த நேரம் என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மதுரையில் ஆண்டு முழுவதும் ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். லண்டனில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி கடந்துவிடும், டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். வெளிச்சம் இருக்கும்போது ஏறி, விளக்குகள் எரியத் தொடங்கும்போது இறங்குவதே சிறப்பு. ஆனால் கோடையில் அதற்காக ஒன்பது மணிவரை முதியவர்களையும் கைக்குழந்தையையும் காக்க வைக்க வேண்டாம். மாலை ஐந்து மணி வெயிலே போதும். மழைமேகம் கவிந்த நாளில் தூரத்துக் காட்சி கிடைக்காது என்பதால், வாரம் முழுவதற்குமான வானிலையைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டாலோ, படியேறுவது சிரமம் என்றாலோ, பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

போகும் வழியை வீடு இருக்கும் பகுதிதான் தீர்மானிக்கும். ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் டிஸ்ட்ரிக்ட் தடத்துச் சுரங்க ரயிலில் எம்பேங்க்மென்ட் வரை வந்து, அங்கே நார்தர்ன் தடத்து ரயிலுக்கு மாறலாம். டூட்டிங்கில் இருப்பவர்கள் நார்தர்ன் ரயிலிலேயே கென்னிங்டன் வந்து மாற வேண்டும். இரண்டு இடத்திலும் வண்டியின் முகப்பில் பேட்டர்சி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும், ஏனெனில் அதே நடைமேடையில் வேறு ஊருக்கான வண்டிகளும் வரும். பேட்டர்சி ரயில் நிலையத்தில் லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மாவையோ அப்பத்தாவையோ அழைத்துச் செல்பவர்கள் ஈஸ்ட் ஹாமிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆற்றுப் படகில் போவது சுகம். வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது, படகோ மின் நிலையத்தின் எதிரிலேயே இறக்கிவிடும். படகு நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்தப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். ஒரே வங்கி அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தொட முடியாது. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரியவர் துணையோடு சுரங்க ரயிலில் கட்டணம் இல்லை.

போய்ச் சேர்ந்ததும் நேரே உள்ளே நுழையாமல் ஆற்றங்கரைக்கு வாருங்கள். கரையோரம் நிற்கும் இரண்டு பழைய கிரேன்கள்தாம் கப்பலில் வந்த நிலக்கரியை அள்ளி இறக்கியவை. அங்குள்ள புல்தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளியோதரையையும் தயிர்சாதத்தையும் சாப்பிடலாம். ஆற்றுக் காற்று கோடையிலும் சில்லென்று அடிக்கும். ஸ்வெட்டரும் மப்ளரும் கையோடு இருக்கட்டும்.

உள்ளே, மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் சுற்றிய இரண்டு டர்பைன் கூடங்கள் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கிலுள்ள 1930களின் கூடத்தில், சுவரோடு ஒட்டிய தூண்களில் நெடுக வரிவரியாகக் குழிவு ஓடும், அவற்றின் மேல் வெளிர்நிற ஓடுகள் பளபளக்கும். இயந்திரம் சுற்றுகிற இடத்தை ஒரு நாடக அரங்கத்தின் அக்கறையோடு கட்டியிருப்பது தெரியும். போருக்குப் பிந்தைய கூடத்தில் அந்த அலங்காரம் இல்லை. பணமும் பொருளும் தட்டுப்பாடாக இருந்த காலத்தைச் சுவரே சொல்லிவிடும். அந்தப் பகுதியின் கட்டுப்பாட்டு அறை இப்போது மதுக்கூடமாகிவிட்டது, ஆனாலும் அளவு காட்டும் முள் தட்டுகளையும் கைப்பிடிகளையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மில்லிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்த தாத்தா இருந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். பேரனுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.

லிஃப்டுக்கான நுழைவு பழைய கூடத்தின் பக்கம் இருக்கிறது. பெரிய பைகளை வீட்டிலேயே விட்டு வருவது நலம். ஏறியதும் ஆளுக்கொரு திசையாகப் பார்த்துச் சொல்வது என்று பிரித்துக்கொண்டால் குறைந்த நேரத்தில் எதுவும் தவறாது. வடக்கே காலடியில் தேம்ஸும், அதைக் கடந்து விக்டோரியா நிலையத்துக்குள் நுழையும் ரயில் தடங்களும் தெரியும். அக்கரையில் பிம்லிகோ குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் உயரமான கண்ணாடிக் கூண்டைத் தேடிப் பாருங்கள்: பேட்டர்சியில் வீணாகப் போன வெப்பத்தை ஆற்றின் அடியில் குழாய் வழியே கொண்டுபோய், சுடுநீராகச் சேர்த்துவைத்து வீடுகளைச் சூடாக்கிய நீர்த்தொட்டி அது. நான் ஒன்றை மட்டும் காட்ட வேண்டுமானால் அதைத்தான் காட்டுவேன். கிழக்கில் நாடாளுமன்றம், செயின்ட் பால் தேவாலயக் குவிமாடம், ஷார்ட் கோபுரம். மேற்கில் பேட்டர்சி பூங்கா. வெம்பிளி உறவினர்கள் உடன் வந்திருந்தால் வடமேற்கில் விளையாட்டரங்கின் வளைவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்ற மூன்று புகைபோக்கிகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தோன்றும். குடும்பப் படத்துக்கு அந்தப் பக்கம்தான் நல்லது. உயரத்துக்கு அஞ்சுபவர்கள் கண்ணாடியை விட்டுத் தள்ளி நடுவில் நின்றுகொண்டால் போதும்.

திரும்பும்போது ரயிலையே தேர்ந்தெடுங்கள். பேட்டர்சி கடைசி நிலையம் என்பதால் வண்டி காலியாகவே நிற்கும். களைத்துப்போன பெரியவர்களுக்கும் தூங்கி வழியும் பிள்ளைகளுக்கும் உட்கார இடம் கிடைத்துவிடும்.