துருவப் படிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவக் கடற்படுகையில் துளையிட்டு எடுத்த படிவு உருளையை நீளவாக்கில் பிளந்து மேசைமேல் கிடத்தினால், அது ஒரு நாள்கூட விடுபடாத நாட்குறிப்பைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி ஆழத்தை அப்படியே காலமாகக் கொள்வதுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு.

அண்டார்டிகாவின் மக்மர்டோ பகுதியில், 2006-07 கோடைப் பருவத்தில் ஆண்ட்ரில் திட்டத்தினர் மிதக்கும் பனியடுக்கையும் அதன் கீழுள்ள கடலையும் கடந்து, கடற்படுகைக்குள் ஏறத்தாழ 1,285 மீட்டர் ஆழம்வரை துளையிட்டனர். பனி அரைத்துவிட்டுப் போன கல்லும் களிமண்ணும் கலந்த அடுக்கு, அதன்மேல் சேற்றுப்பாறை, அதற்கும் மேல் திறந்த கடலில் மிதந்து வாழ்ந்த டயாட்டம் பாசிகளின் ஓடுகள் குவிந்த அடுக்கு என்ற வரிசை அவ்வுருளையில் திரும்பத் திரும்ப வருகிறது. பிளையோசீன் காலத்தில் (ஏறத்தாழ 53 முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) மேற்கு அண்டார்டிகப் பனிவிரிப்பு, பூமியின் அச்சுச் சாய்வு மாறும் ஏறத்தாழ 40,000 ஆண்டுச் சுழற்சியை ஒட்டி விரிந்தும் சுருங்கியும் வந்தது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது இந்த வரிசையை வைத்துத்தான். ஆனால் பனி முன்னேறும்போது தனக்கு முந்தைய படிவையும் சுரண்டிக்கொண்டு போகிறது. வயது தெரிந்த இரு அடுக்குகளுக்கு இடையே நேர்கோடு இழுப்பவர், சுரண்டப்பட்டுவிட்ட ஆண்டுகளையும் எஞ்சியிருக்கும் சேற்றின்மேல் பரப்பிவிடுகிறார். எரிமலைச் சாம்பலின் வயது, பூமியின் காந்தப்புலம் தலைகீழான தடயம், நுண்புதைபடிவங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பிறகே இடைவெளிகள் எங்கே என்பது புலப்படும்.

அப்போதும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. ஆர்க்டிக் கடலடியிலுள்ள லொமொனோசோவ் முகட்டில் 2004இல் எடுத்த உருளையில் ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுப் படிவு காணவில்லை என்று முதலில் கணிக்கப்பட்டது. பின்னர் கதிரியக்கச் சிதைவை வைத்து வயது காணும் ரீனியம்-ஆஸ்மியம் முறையில் செய்த கணிப்பு அந்த இடைவெளியையே கேள்விக்குள்ளாக்கியது.

உயிர்ப்பொருளிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது காணும் கார்பன்-14 கணிப்பில் வேறொரு பொறி இருக்கிறது. அண்டார்டிகக் கடல்நீரிலுள்ள கரிமம் ஏற்கெனவே பழையது என்பதால், இன்று வாழும் சிப்பிக்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வயது கிடைக்கும். சுண்ணாம்பு ஓடுகள் அங்கே அரிது; அதனால் சேற்றிலுள்ள கரிமப் பொருளை மொத்தமாக அளந்தால், பனி சுரண்டிக் கொண்டுவந்த மிகப் பழைய கரிமமும் சேர்ந்து, கடற்படுகையின் மேற்பரப்புச் சேறே பல ஆயிரம் ஆண்டு வயதுடையதாகத் தெரியும். மேற்பரப்பு வயதை எல்லா அடுக்குகளிலிருந்தும் கழித்துவிட்டால் போதும் என்பது பலரும் நாடும் குறுக்குவழி. பழைய கரிமத்தின் கலப்பு காலந்தோறும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதால், அதுவும் தவறான விடைக்கே கொண்டுபோகும்.

பனிப்பாறைகள் மிதந்து சென்று உதிர்த்த கற்களின் எண்ணிக்கையைக் குளிரின் அளவுகோலாகக் கொள்வதும் கூடாது. பனிவிரிப்பு வேகமாக உடைந்து பின்வாங்கும் காலத்திலும் கற்கள் மிகுதியாக விழும்.

புதைபடிவம் கிடைத்த இடமே அது வாழ்ந்த இடம் என்று எண்ணியதால் எழுந்த சர்ச்சைகளில் சிரியஸ் படிவுகளைப் பற்றியது முக்கியமானது. டிரான்ஸ்அண்டார்டிக் மலைகளின் உயரத்தில் கிடந்த அப்படிவுகளில் பிளையோசீன் காலக் கடல் டயாட்டம்கள் இருப்பதாக 1984இல் பீட்டர் வெப், டேவிட் ஹார்வுட் முதலானோர் எழுதினர். கிழக்கு அண்டார்டிகப் பனி பெருமளவு உருகியதால் கடல் உள்நாட்டுக்குள் புகுந்தது என்றும், பனி மீண்டும் வளர்ந்தபோது அந்தச் சேற்றை மலைமேல் தள்ளியது என்றும் அவர்கள் வாதிட்டனர். எதிர்த்தரப்பினரோ அண்டார்டிகாவின் பனியற்ற உலர் பள்ளத்தாக்குகளில் பல பத்து லட்சம் ஆண்டுகளாகக் கலையாமல் கிடக்கும் எரிமலைச் சாம்பலைக் காட்டி, அவ்வளவு பெரிய உருகல் நடந்திருக்க முடியாது என்றனர். தென் துருவப் பனியிலேயே காற்று கொண்டுவந்து சேர்த்த டயாட்டம்கள் கண்டறியப்பட்டதும், மலைமேல் கிடந்தவையும் பறந்து வந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒரு டயாட்டத்தின் ஓட்டினை வைத்து ஒரு பனிவிரிப்பின் வரலாற்றை எழுதுவதற்கு முன், அது படிவின் உள்ளே இருந்ததா, விரிசல் வழியாகப் பின்னர் இறங்கியதா என்று பார்ப்பது எளிய வேலைதான். ஆனால் விடை பரபரப்பாக இருக்கும்போது எளிய வேலைகள்தான் முதலில் விடுபடுகின்றன.

பனிக்கு அடியிலுள்ள அடிப்பாறை ஊமை என்பது பழைய எண்ணம். கிரீன்லாந்தின் உச்சிக்கு அருகே 1993இல் ஏறத்தாழ 3,053 மீட்டர் பனியைக் கடந்து எடுத்த 1.55 மீட்டர் பாறையில், காஸ்மிக் கதிர் பட்டால் உருவாகும் பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகிய இரண்டும் இருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, அவ்விடம் ஒரு காலத்தில் பனியின்றி வானம் பார்த்துக் கிடந்திருக்கிறது. பனியற்ற காலமாக அந்த ஆய்வில் வரும் 2,80,000 ஆண்டு என்ற எண்ணை ஒரே தொடர்ச்சியான காலமாகச் சொல்வது செய்திகளில் காணப்படும் பிழை. அது குறைந்தபட்ச மொத்தக் கணக்கு மட்டுமே. பல துண்டுகளாகவும் இருந்திருக்கலாம்.

பனியை மட்டும் பொருட்படுத்தி மண்ணை ஒதுக்கியதன் விலைக்கு கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் எடுத்த உருளையே சான்று. 1966இல் வடமேற்கு கிரீன்லாந்தில் எடுக்கப்பட்ட அதன் அடி மண் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் மறக்கப்பட்டு, 2017இல் கோபன்ஹேகன் உறைபெட்டியில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதில் பாசிகளும் சுள்ளிகளும் இருந்தன. அம்மண் ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடைசியாகச் சூரிய ஒளி கண்டது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. மணல் மணிகளில் தேங்கிய ஆற்றலை அளக்கும் அந்த முறைக்கு, உருளையின் உட்பகுதியை இருட்டறையில்தான் வெட்டியெடுக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் பட்டுவிட்ட மணல் மணியில் கடிகாரம் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.